பழைய ஜீப்புக்குப் புது கார்புரேட்டர்

கார்புரேட்டர் எஞ்சினுக்குப் பெட்ரோலை ஊட்டுவது காற்றழுத்த வேறுபாட்டின் துணையால். பிஸ்டன்கள் கீழிறங்கும்போது வெளிக்காற்று கார்புரேட்டரின் தொண்டை வழியாக உள்ளே பாய்கிறது. தொண்டையின் நடுவில் வழி குறுகியிருக்கும். அந்த இடத்தில் காற்றின் வேகம் கூடுகிறது, அழுத்தம் குறைகிறது. இத்தாலிய இயற்பியலாளர் ஜியோவானி பாட்டிஸ்டா வென்டூரி 1797இல் வெளியிட்ட ஆய்வின் நினைவாக அந்தக் குறுகலுக்கு வென்டூரி என்று பெயர். பக்கத்திலேயே ஒரு கிண்ணத்தில் பெட்ரோல் நிற்கிறது. அதன் மட்டத்தை ஒரு மிதவை காக்கிறது. கிண்ணத்தின் மேல் இருப்பது வெளிக்காற்றின் முழு அழுத்தம். வென்டூரியில் இருப்பது குறைந்த அழுத்தம். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், ஜெட் எனப்படும் நுண்துளைப் பித்தளைத் திருகு வழியாகப் பெட்ரோலை மேலே இழுத்துக் காற்றில் தூவுகிறது. ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். இந்த விகிதத்தை ஒட்டிய கலவையைத் தருவதற்கு அந்தக் கருவியிடம் இருப்பவை சில துளைகளும் சில கம்பிகளும் மட்டுமே.

எனவே அழுத்த வேறுபாட்டைப் பொய்யாக்கும் எதுவும் கலவையையும் பொய்யாக்கிவிடும். தவறான இடத்தில் நுழையும் காற்று, பம்ப் தரும் மிகை அழுத்தம், வண்டியின் சாய்வு, மலையின் உயரம், எஞ்சினின் சூடு எல்லாம் இதில் சேரும். கார்புரேட்டர் மாற்றும் வேலையில் நட்டுகளைக் கழற்றி மாட்டுவது சிறு பகுதிதான். மீதி முழுவதும் இந்தப் பொய்களை ஒவ்வொன்றாக அடைப்பது.

அமெரிக்காவில் இந்த வேலை மிக அதிகமாக நடக்கும் வண்டிகளில் ஒன்று ஜீப் சிஜே-7. 1976 முதல் 1986 வரை தயாரான இந்த வண்டிகளில் பலவற்றில் ஏஎம்சி நிறுவனத்தின் 258 கன அங்குல எஞ்சின் இருக்கிறது. ஆறு சிலிண்டர்கள் ஒரே வரிசையில் நிற்கும் 4.2 லிட்டர் எஞ்சின் அது. குறைந்த சுழற்சியிலேயே நல்ல இழுவை தருவதால் பாறைமேல் ஊர்ந்து ஏறுவதற்கென்றே செய்ததுபோல் இருக்கும். 1970களின் இறுதியிலிருந்து, அடுத்து வந்த ரேங்ளரில் 1990 வரை, இந்த எஞ்சினின் மேல் உட்கார்ந்திருந்தது கார்ட்டர் பிபிடி என்ற இரட்டைத் தொண்டை கார்புரேட்டர். எஞ்சின் இன்னும் பல ஆண்டு ஓடும். கார்புரேட்டர்தான் பொறுமையைச் சோதிக்கும். ஆக்சிலேட்டரை மிதிக்காதபோது, அதாவது ஐடிலில், பெட்ரோல் தரும் அதன் குழாய்கள் மிக மெல்லியவை, சிறு தூசி போனாலே அடைத்துக்கொள்ளும். அடைத்தால் சிவப்பு விளக்கில் நிற்கும்போது எஞ்சின் இருமி அணையும். 1980களில் மாசுக் கட்டுப்பாட்டுக்காக இதனோடு ஒரு சிறு கணினியும், கலவையைத் திருத்தும் மோட்டாரும், ஏராளமான வேக்குவம் குழாய்களும் சேர்ந்தன. முப்பது, நாற்பது ஆண்டுகளில் அந்த ரப்பர் குழாய்கள் வெடித்துப்போகின்றன. அப்போது எது கெட்டது என்று கண்டுபிடிப்பதே தனி வேலையாகிவிடுகிறது.

மாற்றுக் கார்புரேட்டரைத் தேர்ந்தெடுக்கும் முன் எஞ்சினுக்கு எவ்வளவு காற்று வேண்டும் என்று கணக்கிட வேண்டும். நான்கு வீச்சு எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை தன் முழுக் கொள்ளளவை உள்ளிழுக்கிறது. நிமிடத்துக்கு 4,000 சுற்றில் 4.2 லிட்டர் எஞ்சின் இழுக்கக்கூடியது 8,400 லிட்டர். நடைமுறையில் சிலிண்டர்கள் முழுவதும் நிரம்புவதில்லை. 80 சதவீதம் என்று கொண்டால் சுமார் 6,700 லிட்டர். இதைவிட மிகப் பெரிய கார்புரேட்டரை வைத்தால் வண்டி பறக்கும் என்பது வீண் நம்பிக்கை. தொண்டை அகலமானால் குறைந்த சுழற்சியில் காற்றின் வேகம் விழும், அழுத்த வேறுபாடு போதாது, பெட்ரோல் தூவலாக இல்லாமல் துளியாக வடியும். ஊர்ந்து செல்லும் வண்டிக்கு இதைவிடக் கேடு வேறில்லை.

ஜீப்காரர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றை எடுக்கிறார்கள். முதலாவது வெபர் 32/36. அதன் ஒரு தொண்டையில் காற்றுவழியைத் திறந்து மூடும் த்ராட்டில் தகடு 32 மில்லிமீட்டர், மற்றது 36. ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது முதலில் சிறியது மட்டும் திறக்கிறது, மிதி ஆழமாகப் போனபிறகே பெரியது துணைக்கு வருகிறது. மெதுவான ஓட்டத்தில் எல்லாக் காற்றும் சிறு வழியாகவே போவதால் வேகம் குறையாமல் கலவை நன்றாகத் தூவப்படுகிறது. இரண்டாவது, ஃபோர்டு கார்களில் வந்த மோட்டார்கிராஃப்ட் 2100. அதன் வென்டூரி அளவு கிண்ணத்தின் பக்கவாட்டில் ஒரு வட்டத்துக்குள் எண்ணாக வார்க்கப்பட்டிருக்கும். 258 எஞ்சினுக்கு 1.08 என்ற எண் உள்ளது பொருந்தும். அது நிமிடத்துக்கு 287 கன அடி, அதாவது சுமார் 8,100 லிட்டர் காற்றை விடும். மேலே போட்ட கணக்குக்கு இது தாராளம். பழைய உதிரிபாகக் கடைகளில் 1.21 எண்ணுள்ளவையும் கிடைக்கும். அவை வி-8 எஞ்சின்களுக்கானவை, இங்கே வேண்டியதில்லை.

காட்டுவழி ஓட்டுநர்கள் இந்த மோட்டார்கிராஃப்டை விரும்புவதற்குக் காரணம் அதன் வடிவம். சாலையில் ஓடும் காருக்கு இந்தக் கேள்வியே எழாது. ஆனால் கலிஃபோர்னியாவின் ரூபிகான் பாதையிலோ யூட்டாவின் மோவாப் பாறைகளிலோ வண்டி 30 பாகை சாய்வது சாதாரணம். வண்டி சாயும், கிண்ணத்துப் பெட்ரோலின் மேற்பரப்பு கிடையாகவே இருக்கும். கிண்ணத்தின் நடுவுக்கும் தூவுகுழாயின் வாய்க்கும் இடையே 5 சென்டிமீட்டர் தூரம் என்று வைத்துக்கொண்டால், 30 பாகைச் சாய்வில் ஒன்றைவிட மற்றது 2.5 சென்டிமீட்டர் ஏறவோ இறங்கவோ செய்யும். சமதரையில் தூவுகுழாயின் வாய் பெட்ரோல் மட்டத்துக்குச் சில மில்லிமீட்டர் மேலேதான் இருக்கிறது. ஆகவே கிண்ணம் உயர்ந்தால் இழுக்காமலேயே பெட்ரோல் தொண்டைக்குள் வழியும், எஞ்சின் மூழ்கி நிற்கும். கிண்ணம் தாழ்ந்தால் பெட்ரோல் எட்டாமல் எஞ்சின் பட்டினியில் நிற்கும். இந்தத் தூரம் குறையக் குறைய இரண்டு ஆபத்தும் குறையும். மோட்டார்கிராஃப்டின் கிண்ணம் தொண்டையை ஒட்டி முன்பக்கம் இருக்கிறது. மேடேறும்போது, அதாவது எஞ்சினுக்கு முழுச் சுமை உள்ளபோது, பெட்ரோல் ஜெட்டை விட்டு விலகுவதில்லை. இறக்கத்தில் விலகினாலும் அப்போது எஞ்சினுக்கு வேலை குறைவு. கிண்ணத்தின் காற்றுத் துளை வழியாகவும் சரிவில் பெட்ரோல் சிந்தக்கூடும். அதனால் அந்தத் துளைக்குச் சிறு குழாய் செருகி உயர்த்திவிடுவார்கள், மிதவை மட்டத்தையும் சற்றே தாழ்த்துவார்கள்.

கழற்றும் வேலை எஞ்சின் முழுக்க ஆறியபிறகு, காற்றோட்டமான இடத்தில், பேட்டரி வயரை எடுத்துவிட்டுத் தொடங்குகிறது. தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். இதில் சலுகை இல்லை. ஏர் கிளீனரை எடுத்ததும் கண்ணில் படும் ஒவ்வொரு குழாயிலும் அது எங்கிருந்து எங்கே போகிறது என்று எழுதி ஒட்டி, பல கோணங்களில் படம் எடுத்து வைப்பது அவசியம். பெட்ரோல் குழாய், ஆக்சிலேட்டர் இணைப்பு, குளிர்ந்த எஞ்சினுக்குக் காற்றைக் குறைக்கும் சோக்கின் வயர் ஆகியவற்றை விடுவித்து நான்கு நட்டுகளைக் கழற்றினால் பழைய கார்புரேட்டர் கையோடு வந்துவிடும். உடனே, கலவையைச் சிலிண்டர்களுக்குப் பிரித்துவிடும் மேனிஃபோல்டின் வாயைச் சுத்தமான துணியால் அடைக்க வேண்டும். ஒரு வாஷர் உள்ளே விழுந்தால் சிலிண்டர்வரை போய்விடும். பழைய பேக்கிங்கைப் பிளாஸ்டிக் சுரண்டியால் எடுப்பது நல்லது, அலுமினியத்தில் இரும்புக் கத்தி கீறல் போடும். பிறகு நேரான ஸ்கேல் ஒன்றை முகப்பின் மேல் நிறுத்தி, அடியில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். தெரிந்தால் அங்கே காற்றும் கசியும்.

புதிய கார்புரேட்டரின் அடித்துளைகள் பழைய மேனிஃபோல்டோடு பொருந்தாது. இடையில் அடாப்டர் தகடு வேண்டும். வெபருக்கு இரண்டு தகடுகள். இந்தத் தகடுகள்தான் புது கார்புரேட்டர் சரியில்லை என்ற புகார்களில் பலவற்றுக்குப் பிறப்பிடம். கீழ்த்தகட்டின் திருகுகள் மேல்தகட்டுக்கு அடியில் மறைந்துபோகும். பின்னர் அதிர்வில் தளர்ந்தால் எல்லாவற்றையும் கழற்றாமல் அவற்றைத் தொட முடியாது. எனவே அவற்றுக்குத் திருகுப் பசை இட்டே முறுக்க வேண்டும். நட்டுகளை ஒரு பக்கமாக முறுக்காமல், எதிரெதிர் மூலைகளில் சிறிது சிறிதாக முறுக்கினால் அடிப்பாகம் வளையாது. அதிகம் முறுக்கினால் வளைந்தே தீரும், வளைந்த அடிப்பாகத்தை எந்தப் பேக்கிங்கும் காப்பாற்றாது.

பெட்ரோல் குழாயில் முக்கியமாகக் கவனிக்க வேண்டியவை இரண்டு. எஞ்சினோடு வரும் மெக்கானிக்கல் பம்ப் சதுர அங்குலத்துக்கு 4 முதல் 5 பவுண்டு அழுத்தம் தரும். வெபருக்கு 3 பவுண்டு அளவே போதும். அழுத்தம் மிகுந்தால் மிதவை மூடிய ஊசி வால்வைப் பெட்ரோல் தள்ளித் திறந்துவிடும்; கிண்ணம் நிரம்பி வழியும். நடுவில் ஒரு ரெகுலேட்டர் வைத்தால் இது தீரும். மற்றது மூன்று வாய் கொண்ட ஃபில்டர். 258 எஞ்சினில் கார்புரேட்டர் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் பக்கத்திலேயே இருப்பதால் சூட்டில் குழாய்க்குள் பெட்ரோல் ஆவியாகும். அந்த ஆவியை டாங்குக்குத் திருப்பி அனுப்பத்தான் மூன்றாவது வாய். ஆவி மேலே சேரும் என்பதால் அந்த வாய் மேல்நோக்கி இருக்கும்படி ஃபில்டரைத் திருப்பி வைக்க வேண்டும். தேவையில்லை என்று எண்ணி அதை அடைத்துவிடுவோர் உண்டு. வெயில் நாளில் வண்டி நிறுத்திய பத்து நிமிடத்தில் ஸ்டார்ட் ஆகாமல் போவது அதனால்தான். குழாய்களும் எத்தனால் கலந்த பெட்ரோலைத் தாங்கும் வகையாக இருக்க வேண்டும். பழைய ரப்பர் அதில் ஊறி நைந்துபோகும்.

ஆக்சிலேட்டர் இணைப்பைப் பொருத்தியதும் ஒருவர் உள்ளே அமர்ந்து பெடலைத் தரைவரை மிதிக்க, மற்றவர் தொண்டைக்குள் பார்க்க வேண்டும். த்ராட்டில் தகடு செங்குத்தாக நிற்க வேண்டும். விட்டதும் சிக்காமல் திரும்ப வேண்டும். ஆட்டோமேட்டிக் கியர் உள்ள பல சிஜேக்களில் கார்புரேட்டரிலிருந்து கியர் பெட்டிக்கு ஒரு கம்பி போகிறது. எஞ்சினின் சுமையைக் கியர் பெட்டிக்குச் சொல்வது அதுதான். அதை இணைக்காமல் ஓட்டினால் உள்ளிருக்கும் கிளட்சுகள் வழுக்கிக் கருகும். கார்புரேட்டரை மிச்சம் பிடிக்கப் போய்க் கியர் பெட்டியை இழப்பது பெரும் நட்டம்.

அடுத்து வேக்குவம் குழாய்கள். த்ராட்டில் தகட்டுக்குக் கீழிருந்து எடுக்கும் உறிஞ்சல் எஞ்சின் ஐடிலில் இருக்கும்போதே பலமாக இருக்கும். பிரேக் பூஸ்டருக்கும், எஞ்சினுக்குள் சேரும் ஆவியை உறிஞ்சும் பிசிவி வால்வுக்கும் அதுதான் வேண்டும். தகட்டுக்குச் சற்று மேலிருந்து எடுப்பது, மிதித்த பிறகே உறிஞ்சத் தொடங்கும். பல எஞ்சின்களில், பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பகிரும் டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போவது இந்த இரண்டாம் வகை. பயன்படாத முனை எதுவாயினும் நல்ல ரப்பர் மூடியால் அடைக்க வேண்டும். கணினி உள்ள வண்டிகளில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. அதன் மோட்டார் பழைய கார்புரேட்டரோடு போய்விடுவதால், கணினி தன் கட்டளைக்கு விடை கிடைக்காமல் தீப்பொறி விழும் நேரத்தையும் கெடுத்துக்கொண்டிருக்கும். டிஸ்ட்ரிபியூட்டரை நேராக இக்னிஷன் மாட்யூலோடு இணைப்பது இதற்கு வழக்கமான தீர்வு. ஆனால் மாசுக் கட்டுப்பாட்டு உறுப்புகளைச் செயலிழக்கச் செய்வதை அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் தடுக்கிறது. கலிஃபோர்னியாவில் மாற்றுக் கார்புரேட்டருக்கே மாநில வாரியத்தின் அனுமதி எண் வேண்டும். வாங்கும் முன்பே இதைப் பார்த்துவிடுவது நல்லது.

மின் சோக்குக்குச் சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் 12 வோல்ட் இணைப்பு தேவை. இக்னிஷன் காயிலின் வயர் பக்கத்தில் இருக்கிறதே என்று அதில் கோத்துவிடக் கூடாது. அந்த வயரில் மின்தடை உண்டு. சோக்கும் சரியாகச் சூடாகாது, பொறியும் பலமிழக்கும்.

முதல் ஸ்டார்ட்டுக்குமுன் ஏர் கிளீனர் பானெட்டில் இடிக்கிறதா என்று, மேலே களிமண் உருண்டை வைத்து மூடிப் பார்க்கலாம். எஞ்சின் நன்றாகச் சூடாகி, சோக் முழுதும் திறந்த பிறகே டியூனிங். முதலில் வேக்குவம் குழாயை அடைத்துவிட்டு, பானெட்டின் அடியில் உள்ள தகவல் அட்டைப்படி பொறி நேரத்தைச் சரிசெய்ய வேண்டும். பிறகு மேனிஃபோல்டில் வேக்குவம் மீட்டர். கடல்மட்டத்தில் நல்ல எஞ்சின் ஐடிலில் 17 முதல் 21 அங்குலப் பாதரசம் காட்டும், முள் நடுங்காது. வெபரின் கலவையைத் திருத்தும் மிக்சர் திருகை இரண்டு சுற்று திறந்து தொடங்கி, மீட்டர் உச்சம் காட்டும் இடத்தைத் தேட வேண்டும். ஐடில் வேகத் திருகு, த்ராட்டில் நெம்புகோலைத் தொட்ட இடத்திலிருந்து ஒன்றரைச் சுற்றுக்குமேல் போகக் கூடாது. போனால் தகடு அடுத்த கட்டத் துளைகளைத் திறந்துவிடும், மிக்சர் திருகைத் திருப்பினாலும் எதுவும் மாறாது. நிமிடத்துக்கு 650, 700 சுற்றில் எஞ்சின் நிற்காமல் ஓட ஒன்றரைச் சுற்று போதவில்லை என்றால், பெரும்பாலும் ஐடில் ஜெட் சிறியது அல்லது எங்கோ காற்று கசிகிறது. கசிவைத் தேட, எரியாத புரொப்பேன் வாயுவை மெல்லிய குழாய் வழியாக ஒவ்வொரு பேக்கிங்கின் ஓரமாகவும் காட்டுவார்கள். எஞ்சினின் ஓசை எங்கே உயர்கிறதோ அங்கே கசிவு. அருகில் தீப்பொறி இருக்கக் கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஒரே அமைப்பு எல்லா உயரத்துக்கும் பொருந்தாது. ரூபிகான் பாதை 2,000 மீட்டருக்கு மேலே போகிறது. அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிடக் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கார்புரேட்டருக்கு இது தெரியாது. அழுத்த வேறுபாடு சொன்னபடியே பெட்ரோலை விடுவதால் கலவை சுமார் பத்து சதவீதம் அடர்கிறது. எஞ்சின் கறுப்புப் புகை விட்டு மந்தமாகும். உயரத்திலேயே வாழும் வண்டிக்குச் சிறிய ஜெட் மாட்டுவது சரி. ஏறி இறங்கும் வண்டிக்கு நடுத்தர அமைப்பே பொருத்தம்.

சூடேறிக் குளிர்ந்த பேக்கிங் சற்று அமுங்கும். அதனால் சில நூறு கிலோமீட்டர் ஓடியதும், எஞ்சின் ஆறியபிறகு நட்டுகளை மறுபடி முறுக்க வேண்டும். அப்போதே ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றிப் பார்க்கலாம். பீங்கான் வெளிர்பழுப்பாக இருந்தால் கலவை சரி. கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதி. வெள்ளையாக இருந்தால் காற்று மிகுதி, அதை உடனே திருத்த வேண்டும். ஆறு பிளக்குகளில் ஒன்றிரண்டு மட்டும் வெளுத்திருந்தால் ஜெட்டைத் தொடக் கூடாது. அந்த சிலிண்டர்களுக்கு அருகிலுள்ள மேனிஃபோல்ட் பேக்கிங்கைத்தான் முதலில் சோதிக்க வேண்டும்.