முதலில் ஜீரோவைக் காட்டு

கருங்கல்லிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "புது வீட்டு வாசல் கதவில் கடைசி இராப்போஜனக் காட்சி செதுக்கக் கொடுத்திருந்தோம். 'முழுக்க கம்ப்யூட்டர், கையே படாது' என்றார்கள். போய்ப் பார்த்தால், மெஷின் ஓட்டுகிற தம்பி ஒரு பேப்பர் துண்டைப் பலகைமேல் வைத்து இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நடுவில் கரண்டு போய் வந்தது. உடனே மெஷின் செதுக்கிய இடத்தை விட்டுவிட்டு ஒரு மூலைக்கு ஓடியது. கம்ப்யூட்டருக்குப் பேப்பர் எதற்கு? மூலையில் அதற்கு என்ன வேலை?"

இரண்டு கேள்விக்கும் ஒரே விடைதான். அந்த மெஷினுக்குத் தான் எங்கே நிற்கிறோம் என்று தெரியாது. பலகை எங்கே என்றும் தெரியாது. பலகை இருக்கிறதா என்பதே தெரியாது. வெறும் மேஜையில் ஓடவிட்டாலும் பன்னிரண்டு சீடர்களையும் அதே கவனத்தோடு காற்றில் செதுக்கி முடித்துவிட்டு நிற்கும். அதற்குத் தெரிந்தது எண்ணுவது மட்டும். எங்கிருந்து எண்ணுவது என்பதை யாராவது காட்டித்தர வேண்டும். கம்ப்யூட்டர் எண்களால் மெஷினை ஓட்டும் இந்த சிஎன்சி தொழிலில் பாதிக்கு மேல் இந்த ஒரு ஜீரோவுக்குள் அடங்கிவிடும் என்பது என் கட்சி.

பட்டறையில் புழங்கும் மற்ற சொற்களைச் சட்டென்று கடந்துவிடலாம். மெஷினில் ஏற்றும் பலகையோ இரும்போ, அது 'ஜாப்'. ஜாப் படுத்திருக்கும் மேஜை 'பெட்'. சுழலும் தலை 'ஸ்பிண்டில்'. அதில் மாட்டும் வெட்டுமுனை மரவேலையில் 'பிட்', இரும்பு வேலையில் 'டூல்'. நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பது 'ஸ்பீடு'. ஜாப்பின் மேல் எவ்வளவு வேகமாக நகர்கிறது என்பது 'ஃபீட்'. நீளம், அகலம், உயரம் மூன்றுக்கும் எக்ஸ், ஒய், இசட் என்று பெயர். கட்டளைகள் வரி வரியாக வரும். ஜி00 என்றால் வெட்டாமல் பறந்து போ. ஜி01 என்றால் நேர்கோட்டில் வெட்டிக்கொண்டு போ. ஜி02, ஜி03 வட்டமாக வளைவதற்கு. எம்03 ஸ்பிண்டிலைச் சுழற்றும், எம்05 நிறுத்தும், எம்30 வேலை முடிந்தது என்று சொல்லும். தினசரி வேலைக்கு இப்படி இருபது முப்பது கட்டளைகள் போதும். கதவுச் சிற்பத்துக்கு அதையும் யாரும் உட்கார்ந்து எழுதுவதில்லை. 'கேம்' மென்பொருள் படத்தை வாங்கிக்கொண்டு லட்சக்கணக்கான வரிகளைக் கொட்டிவிடும்.

அதில் ஒரு வரியை எடுத்துக்கொள்வோம்: ஜி01 எக்ஸ்120 ஒய்45 இசட்-3 எஃப்2000. நிமிடத்துக்கு 2,000 மில்லிமீட்டர் வேகத்தில் 120-க்கும் 45-க்கும் போ, மூன்று மில்லிமீட்டர் ஆழத்தில் போ என்று அர்த்தம். சரி, 120 எங்கிருந்து? ஆழம் எதற்குக் கீழே? வரியில் அது இல்லை.

கல்யாண வீட்டுக்கு வழி கேட்டால் நம்மூரில் எப்படிச் சொல்வார்கள்? "கருங்கல் சங்ஷன்ல எறங்குங்க. மார்த்தாண்டம் ரோட்டுல நேரே நடந்தா ஒரு குருசடி வரும். அதத் தாண்டி எடத்தோட்டு திரும்பினா மூணாவது வீடு." நாகர்கோவில் கலெக்டர் ஆபீசிலிருந்து இத்தனை கிலோமீட்டர், இத்தனை மீட்டர் என்று யாரும் சொல்வதில்லை. அதற்காகக் கலெக்டர் ஆபீஸ் இல்லாமல் போய்விடாது. ஊர்க்கணக்குக்கு சங்ஷன், அரசாங்கக் கணக்குக்கு நாகர்கோவில். மெஷினிலும் இப்படி இரண்டு ஜீரோ உண்டு. 'மெஷின் ஜீரோ' கம்பெனி வைத்தது, நகராது. 'வொர்க் ஜீரோ' அன்றன்றைக்கு அந்தந்தப் பலகைமேல் ஆப்பரேட்டர் வைப்பது. முதல் ஜீரோவிலிருந்து இரண்டாவது எவ்வளவு தூரம் என்பதுதான் 'ஆஃப்செட்'. ஜி54 என்ற கட்டளை அந்தத் தூரத்தைக் கூட்டிக்கொள்ளச் சொல்கிறது. அடுத்த வாரக் கல்யாணம் திங்கள்சந்தையில் என்றால் வழி அங்கிருந்து தொடங்கும், அதற்கு ஜி55. ஜி59 வரை ஆறு சங்ஷன்கள் வைத்துக்கொள்ளலாம். எவ்வளவு தூரம் நடந்தாலும் சங்ஷனிலிருந்தே எண்ணு என்பது ஜி90. நிற்கிற இடத்திலிருந்து எண்ணு என்பது ஜி91. விருந்தாளி மார்த்தாண்டத்தில் இறங்கிக்கொண்டு கருங்கல்லுக்குச் சொன்ன வழியில் நடந்தால், முன்பின் தெரியாத ஒரு வீட்டுப் பந்தியில் போய் உட்காருவார். அவருக்கு நட்டமில்லை, சாப்பாடு கிடைத்துவிடும். மெஷின் அப்படிப் போனால் ஜி00 வேகத்தில் பலகைக்குள் பாய்ந்து பிட்டை ஒடிக்கும். பஸ்சில் தூங்கிப்போய், விழித்ததும் எந்த ஊர் என்று புரியாதவர் என்ன செய்வார்? கடைசி ஸ்டாப் வரை போய் இறங்கி, அங்கிருந்து கணக்குப் போடுவார். கரண்டு வந்ததும் மெஷின் மூலைக்கு ஓடியது இதற்குத்தான்.

அந்த ஓட்டத்துக்கு 'ஹோமிங்' என்று பெயர். கல்யாண வீட்டை இங்கே விட்டுவிட்டு மெஷினுக்குள் போவோம். இந்தத் தொழிலிலேயே எனக்கு மிகவும் பிடித்த தந்திரம் அங்கேதான் இருக்கிறது.

மூலையில் ஒரு சுவிட்ச் இருக்கிறது. தலை அங்கே வந்தால் சுவிட்ச் விழும், மெஷின் 'வீடு வந்தாயிற்று' என்று எடுத்துக்கொள்ளும். ஆனால் சுவிட்ச் அவ்வளவு கறாரான ஆள் இல்லை. தூசி படிந்தால் ஒரு மாதிரி விழும், வெயில் ஏறினால் ஒரு மாதிரி விழும். மரத்தில் பூ செதுக்க அது போதும். விலை குறைந்த மெஷின்கள் அதோடு நிறுத்திக்கொள்கின்றன. இரும்பு கடையும் மெஷினுக்குப் போதாது. அங்கே மோட்டாரின் அச்சில் 'என்கோடர்' என்று ஒரு தட்டு இருக்கும். 2,500 கோடுகள் போட்ட தட்டு என்றால், ஒவ்வொரு கோட்டையும் நான்காகப் பிரித்துப் படித்து ஒரு சுற்றுக்கு 10,000 துடிப்புகள் தரும். மோட்டார் திருப்பும் திருகு ஒரு சுற்றுக்கு 10 மில்லிமீட்டர் தள்ளினால், ஒரு துடிப்பு ஒரு மைக்ரான். அதே தட்டில் தனியாக இன்னொரு கோடும் உண்டு. சுற்றுக்கு ஒரே ஒரு முறை குறி காட்டும் 'இண்டெக்ஸ்' கோடு.

ஹோமிங் சுவிட்சையும் இந்தக் கோட்டையும் கூட்டுச் சேர்க்கிறது. தலை வேகமாக மூலைக்கு வரும். சுவிட்ச் விழும். வேகம் குறையும். பிறகு ஊர்ந்து ஊர்ந்து, அடுத்து வரும் இண்டெக்ஸ் கோட்டுக்காகக் காத்திருக்கும். கோடு வந்த அந்த நொடியில் எண்ணிக்கை ஜீரோ ஆகும். எந்தச் சுற்று என்பதைச் சொல்வது மட்டும் சுவிட்சின் பொறுப்பு. அந்தச் சுற்றில் எந்தப் புள்ளி என்பதை இண்டெக்ஸ் பார்த்துக்கொள்ளும். முரட்டுச் சுவிட்ச் ஒன்றும் நுட்பமான கோடு ஒன்றும் சேர்ந்து, தனித்தனியே இரண்டாலும் முடியாததைச் செய்துவிடுகின்றன.

இந்தக் கூட்டணியில் ஒரு குசும்பும் உண்டு. இண்டெக்ஸ் கோட்டுக்கு மிக அருகிலேயே சுவிட்ச் விழும்படி அமைந்துவிட்டது என்று வையுங்கள். ஒருநாள் கோட்டுக்கு முன் விழும், இன்னொரு நாள் கோட்டைத் தாண்டி விழும். தாண்டி விழுந்தால் மெஷின் அடுத்த கோடு வரை, அதாவது ஒரு முழுச் சுற்று தள்ளிப் போய் ஜீரோ வைக்கும். திங்கட்கிழமை எல்லாம் சரியாக இருக்கும். செவ்வாய்க்கிழமை எல்லா ஓட்டையும் சொல்லிவைத்தாற்போல் 10 மில்லிமீட்டர் தள்ளியிருக்கும். புரோகிராமைக் குடைந்து குடைந்து பார்ப்பார்கள், அதில் பழுதே இருக்காது. அனுபவமுள்ள மெக்கானிக் சுவிட்சை அரைச் சுற்று தள்ளி மாட்டிவிட்டுப் போய்விடுவார்.

விலை கூடிய மெஷின்களில் கரண்டு போனாலும் இடத்தை மறக்காத என்கோடர்கள் வந்துவிட்டன. பல மெஷின்களில் அந்த ஞாபகம் ஒரு சின்ன பேட்டரியில் தங்கியிருக்கிறது. மெஷினில் கரண்டு இருக்கும்போதே அந்த பேட்டரியை மாற்ற வேண்டும். அணைத்துவிட்டு மாற்றினால் ஞாபகம் போய்விடும், சர்வீஸ் எஞ்சினியருக்குப் போன் போடவேண்டியதுதான்.

இனி பேப்பர். மெஷின் தன் வீட்டைக் கண்டுபிடித்துவிட்டது. பலகையை யார் காட்டுவது? எக்ஸ், ஒய் இரண்டுக்கும் பலகையின் மூலையையோ, பென்சிலால் போட்ட நடுக்கோட்டையோ பிட்டின் முனைக்கு நேராகக் கொண்டுவந்து பட்டனை அழுத்துவார்கள். கதவுக்கு நடுக்கோடே நல்லது. பலகை நான்கு மில்லிமீட்டர் கூடுதலாக இருந்தாலும் இரண்டு பக்கமும் சமமாகப் பிரிந்துவிடும். உயரத்துக்குத்தான் பேப்பர். ஸ்பிண்டிலை நிறுத்திவிட்டு, முனைக்கும் பலகைக்கும் நடுவில் நோட்டுப் பேப்பர் கீற்று ஒன்றைக் கொடுக்க வேண்டும். இடது கை பேப்பரை முன்னும் பின்னும் இழுத்துக்கொண்டே இருக்கும். வலது கைக் கட்டைவிரல் கன்ட்ரோலர் பட்டனைத் தட்டித் தட்டி முனையை இறக்கும்: முதலில் ஒரு மில்லிமீட்டராக, பிறகு 0.1 ஆக, கடைசியில் 0.01 ஆக. பேப்பர் வழுக்கிக்கொண்டு வரும், வரும்... ஒரு தட்டலில் லேசாகப் பிடிக்கும். கிழியாது, இழுத்தால் முனகும். அங்கே நிறுத்தி இசட் ஜீரோ. பேப்பரின் கனம் ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர், கறாரான வேலை என்றால் அதையும் கழித்துக்கொள்வார்கள்.

பெரிய தொழிற்சாலைகளில் பேப்பருக்குப் பதில் 'புரோப்' இருக்கும். நுனியில் மாணிக்கக் குண்டு வைத்த ஊசி அது, ஜாப்பைத் தொட்டதும் சைகை அனுப்பும். கான்கார்டு விமானத்தின் ஒலிம்பஸ் எஞ்சினில் இருந்த மெல்லிய குழாய்களை அளப்பதற்காக டேவிட் மக்மர்ட்ரி 1970களின் தொடக்கத்தில் இதைக் கண்டுபிடித்தார். தொட்டால்தான் தெரியும் என்ற விதி அங்கேயும் மாறவில்லை. மகேந்திரகிரியில் இஸ்ரோ நெருப்பு வைத்துச் சோதிக்கும் ராக்கெட் எஞ்சின்களுக்குப் பாகம் கடைகிறவர்களும் முதலில் ஜீரோவைத்தான் தேடுகிறார்கள்.

ஜீரோ எடுத்தால் போதாது, காப்பாற்றவும் வேண்டும். சிற்ப வேலையில் தட்டை முனைப் பிட்டால் முதலில் கரடாகக் குடைந்துவிட்டு, பிறகு கூர்ந்து முடியும் உருண்டை முனைப் பிட்டை மாட்டி முகங்களைத் தெளிவாக்குவார்கள். புதுப் பிட்டின் நீளம் வேறு. இசட் ஜீரோவை மறுபடி எடுக்க மறந்தால் தொலைந்தது. பிட் குட்டையாக இருந்தால் காற்றைச் செதுக்கிவிட்டுத் திரும்பும், பலகையில் கரடான படிக்கட்டு அப்படியே நிற்கும். நீளமாக இருந்தால் ஆழத்தில் போய் மாட்டி, மெல்லிய முனை ஒடியும். இரும்பு மெஷின்களில் ஒவ்வொரு டூலின் நீளத்தையும் ஒரு பட்டியலில் ஏற்றிவைத்து, ஜி43 என்ற கட்டளையால் கூட்டிக்கொள்கிறார்கள். பட்டியலில் ஒரு எண் தப்பினாலும் அதே கதைதான்.

வரலாறு சொல்லாவிட்டால் வாசகர்கள் விடமாட்டார்கள், எனவே சுருக்கமாக. ஹெலிகாப்டர் இறக்கைகளின் வளைவைத் துல்லியமாக வெட்ட வழி தேடிய ஜான் பார்சன்ஸ் என்ற அமெரிக்கர், வெட்டுமுனை நிற்க வேண்டிய இடங்களைத் துளை அட்டையில் எண்களாகக் கொடுத்தால் என்ன என்று 1940களின் இறுதியில் யோசித்தார். அமெரிக்க விமானப்படை பணம் கொடுக்க, எம்ஐடி 1952-இல் அப்படி ஓடும் முதல் மில்லிங் மெஷினைக் காட்டியது. எண்களை எழுதுவதற்கான ஏபிடி என்ற கணினி மொழியை 1959-இல் அறிமுகம் செய்தபோது, அதைக்கொண்டு வெட்டிய அலுமினிய ஆஷ்ட்ரேயை நிருபர்களுக்குக் கொடுத்தார்கள். நம் பக்கத்தில், 1962-இல் நூற்பாலை இயந்திரங்களுக்காகத் தொடங்கப்பட்ட கோவை லட்சுமி மெஷின் ஒர்க்ஸ் பின்னர் சிஎன்சி லேத்துகளும் செய்யத் தொடங்கியது. வரலாறு இவ்வளவு போதும்.

விளம்பரங்களையும் கொஞ்சம் உரசிப் பார்ப்போம். '0.001 மில்லிமீட்டர் துல்லியம்' என்று விற்பனைத் தாளில் அச்சடித்திருக்கும். அது பெரும்பாலும் எண்ணுகிற படியின் அளவு. படி சின்னதாக இருந்தால் வெட்டும் சரியாக இருக்கும் என்று பொருளில்லை. ஒரு மீட்டர் நீள இரும்புத் திருகு ஐந்து டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 0.055 மில்லிமீட்டர் நீளும். விளம்பரத்தின் துல்லியத்தைப் போல ஐம்பது மடங்குக்கு மேல்! காலையில் எடுத்த ஜீரோ மதியம் அங்கே இல்லை. மரமோ இன்னும் மோசம். இரண்டு பருவமழையும் நனைக்கும் குமரி மாவட்டத்தில் சரியாகக் காயாத தேக்கும் அயனியும் இஷ்டத்துக்கு வளையும். பலகையின் நடுவில் எடுத்த இசட் ஜீரோ ஓரத்தில் பொய்யாகும். நடுவில் பூ ஆழமாகவும் ஓரத்தில் கீறலாகவும் விழும். அதனால்தான் விவரமான ஆப்பரேட்டர் முதலில் பலகையை மட்டமாக்கிக்கொள்கிறார். இதில் ஒன்றையும் 'செயற்கை நுண்ணறிவு இணைந்தது' என்ற ஸ்டிக்கர் சரிசெய்துவிடாது.

எதிர்க்கட்சியின் புலம்பலையும் நான் முழுசாக நம்புவதில்லை. மெஷின் வந்து ஆசாரியின் கலையை அழித்துவிட்டது என்பார்கள். தக்கலைக்குப் பக்கத்திலுள்ள பத்மநாபபுரம் அரண்மனையின் பூமுகத்தில் நிமிர்ந்து பாருங்கள். மரக்கூரையில் 90 பூக்கள், ஒன்றுபோல் இன்னொன்று இல்லை. மெஷினிடம் ஒரு பூவைக் கொடுத்தால் அதையே தொண்ணூறு முறை சலிக்காமல் செய்யும்; தொண்ணூறு பூக்களை யோசிக்கச் சொன்னால் விழிக்கும். ஆனால் ஆசாரியும் எடுத்த எடுப்பில் உளியைத் தொடுவதில்லை. நூல் அடித்து, மூலைமட்டம் வைத்து, எந்த ஓரத்திலிருந்து அளப்பது என்று முடிவுசெய்த பிறகுதான் தட்டத் தொடங்குவார். அந்தப் பழக்கம் உள்ள கைகள் சிஎன்சிக்கு மாறினால் கட்டளைகளைச் சீக்கிரமே பிடித்துக்கொள்ளும். ஐடிஐ முடித்துவிட்டு இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகள், ஜி, எம் பட்டியலை மனப்பாடம் செய்யும் நேரத்தில் பாதியைத் தொட்டுப் பார்த்து ஜீரோ எடுப்பதற்குச் செலவழிக்கலாம். பட்டியல் சுவரில் ஒட்டியிருக்கும், கைப்பழக்கம் ஒட்டியிருக்காது.

வாசகரின் கதவுக்கு வருவோம். கரண்டு வந்ததும் மெஷின் மூலைக்குப் போனது, அங்கிருந்து ஆஃப்செட்டைக் கூட்டிப் பழைய வொர்க் ஜீரோவைத் திரும்பப் பிடிப்பதற்கு. நின்றுபோன வரியை நினைவில் வைத்துக்கொள்ளும் கன்ட்ரோலராக இருந்தால் அங்கிருந்தே வேலை தொடரும். இடையில் பலகையை யாரும் அசைத்திருக்கக் கூடாது, அவ்வளவுதான். அடுத்த கதவு கொடுக்கப் போகும்போது மெஷின் எந்த நாட்டுச் சரக்கு, என்ன விலை என்றெல்லாம் விசாரிக்க வேண்டாம். "ஜீரோ எங்க எடுப்பீங்க? பிட்டு மாத்தினா மறுபடி எடுப்பீங்களா?" என்று கேளுங்கள். யோசிக்காமல் பதில் சொல்கிறவரிடம் தேக்குப் பலகையைத் தைரியமாகக் கொடுக்கலாம்.