ஆட்டுக்கு நாலாயிரம், ஏக்கருக்கு மூவாயிரத்து நானூறு

2024 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் ஊத்தங்கரையில் பதிவான மழை 50 சென்டிமீட்டர். புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சல் புயல், கடலே இல்லாத கிருஷ்ணகிரி மாவட்டத்துக்குள் வந்து கொட்டித் தீர்த்தது. வேன்களையும் கார்களையும் வெள்ளம் உருட்டிக்கொண்டு போனதை டிவியில் எல்லோரும் பார்த்தோம். அதே மாவட்டத்தில் போச்சம்பள்ளிப் பக்கத்து ராகிக் கொல்லைகளை யாரும் படம் பிடிக்கவில்லை.

அறுவடைக்கு நிற்கும் ராகி சாய்ந்து இரண்டு நாள் ஈரத்தில் கிடந்தால் கதிரிலேயே முளை விட்டுவிடும். தூரத்திலிருந்து பார்த்தால் பயிர் இருப்பதுபோலத்தான் தெரியும். கையில் கசக்கிப் பார்த்தால்தான் சேதம் புரியும். 33 சதவீதத்துக்கு மேல் பாதிப்பு என்று வி.ஏ.ஓ.வும் வேளாண் உதவி அலுவலரும் எழுதினால்தான் நிவாரணம். 2015-க்கு முன்பு இந்த வரம்பு 50 சதவீதமாக இருந்தது. குறைத்தது நல்ல காரியம்தான். ஆனால், எந்த நாளில் வந்து பார்க்கிறார்கள் என்பதிலேயே பாதி முடிவு இருக்கிறது.

புயலுக்குப் பின் அரசு அறிவித்த தொகை, ஹெக்டேருக்கு இறவை நெல்லுக்கு 17,000 ரூபாய், மானாவாரிப் பயிருக்கு 8,500, மா, தென்னை போன்ற பல்லாண்டுப் பயிருக்கு 22,500. ஏக்கர் கணக்கில் மானாவாரிக்கு 3,400 சொச்சம். அரை ஏக்கர் ராகி போட்டவருக்கு 1,700. உழவு ஓட்டிய டிராக்டர் வாடகைக்கும் ஆள் கூலிக்குமே அது காணாது. பேரிடர் நிதி விதிகளில் இதற்குப் பெயரே இடுபொருள் மானியம். விளைச்சல் போனதற்கான ஈடு அதில் இல்லை. இந்த உண்மையை முதலிலேயே சொல்லிவிட்டால், பணம் வந்த அன்று விவசாயி ஏமாந்து நிற்க மாட்டார்.

கால்நடைக்கு வருவோம். அதே அறிவிப்பில் செத்த மாட்டுக்கு 37,500, ஆட்டுக்கு 4,000, கோழிக்கு 100. ஞாயிற்றுக்கிழமை போச்சம்பள்ளிச் சந்தைக்குப் போனவர்களுக்குத் தெரியும், தேறின கிடா ஒன்று என்ன விலைக்குப் போகும் என்று. தீபாவளிக்கு முந்தின சந்தையில் கேட்கவே வேண்டாம். கிடாவுக்கும் கிழட்டு ஆட்டுக்கும் ஒரே தொகை என்பது எந்தச் சந்தையிலும் இல்லாத கணக்கு. அமெரிக்காவில் இயற்கைச் சீற்றத்தில் கால்நடை செத்தால் சராசரிச் சந்தை விலையில் 75 சதவீதம் தருகிறார்கள். இங்கே வாரா வாரம் கூடும் சந்தை இருக்கிறது. அந்தச் சந்தை விலையைக் குறித்துவைக்க ஓர் ஊழியர் போதும்.

இன்னொரு சிக்கல் சான்று. இறந்த ஆட்டின் உடல் கிடந்தால் கால்நடை மருத்துவர் பார்த்து எழுதித் தருவார். பட்டியோடு வெள்ளம் அடித்துக்கொண்டு போன ஆட்டுக்கு யார் சாட்சி? நிலமில்லாத குடும்பத்துக்கு அந்த நாலைந்து ஆடுதான் பேங்க் கணக்கு. கல்யாணச் செலவும் ஆஸ்பத்திரிச் செலவும் அதிலிருந்துதான் வரும்.

குத்தகைக்கு உழுபவர் நிலையும் அதேதான். பட்டா நிலத்துக்காரர் பெயரில் இருக்கும். அவர் ஓசூரிலோ பெங்களூரிலோ இருப்பார். சாகுபடிப் பதிவேடான அடங்கலில் சாகுபடியாளர் பெயர் ஏறாவிட்டால் பணம் நிலத்துக்காரர் கணக்குக்குப் போய்விடும். குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. ஆனால் எழுதிக் கொடுத்தால் நிலம் கைவிட்டுப் போகும் என்று நிலத்துக்காரருக்குப் பயம், கேட்டால் அடுத்த வருஷம் நிலம் கிடைக்காது என்று உழுபவருக்குப் பயம். அந்தந்தப் பருவத்துக்கு மட்டும் செல்லும் சாகுபடிச் சான்று ஒன்றை வி.ஏ.ஓ. தந்து, நிவாரணப் பட்டியலைப் பணம் போடுவதற்கு முன்பே கிராம சபையில் வாசித்தால் இரண்டு பயமும் தணியும். அடுத்த மழைக்கு முன் இதைச் செய்துவிடலாம்.