கதை கேட்கும் கைகள்

ஒவ்வொரு நூலும் தனக்குரிய வாசகரை அடைய வேண்டும் என்பது, சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். அரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலக அறிவியல் விதிகள் ஐந்தனுள் ஒன்று. எழுத்துக்கூட்டத் தொடங்கும் குழந்தையை நூல் சென்றடையக் கதையும் கைவேலையும் துணைநிற்றல் வேண்டும். வண்ணம் தீட்டும் தாள் ஒன்றைத் தந்து, அதனையே நூலகச் செயல்பாடு எனல் பொருந்தாது.

ஆலங்காயத்தை அடுத்த காவலூர் வானாய்வகத்தில் 2.34 மீட்டர் விட்டமுடைய தொலைநோக்கி உள்ளது. அவ்வூர்ப் பள்ளியில் விண்மீன் கதையொன்றைப் படித்துக்காட்டலாம். பின்னர்க் கறுப்பு அட்டையில் ஏழு துளைகளிட்டு, கைவிளக்கொளியைப் பாய்ச்சினால் சுவரில் சப்தரிஷி மண்டலம் தோன்றும். துளைகளின் இடம் சரிதானா என அறியக் குழந்தை மீண்டும் நூலைத் திறக்கும். அந்த மீள்திறப்பே நம் நோக்கம்.

தோற்பாவைக்கூத்தைப் போல நிழற்பாவையும் செய்யலாம். ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதியில் தோல் துண்டுகள் எளிதில் கிடைக்கக்கூடும். ஆயினும் குரோமிய உப்பால் பதனிட்ட தோல் சிறார் கைக்கு ஏற்றதன்று. பழைய திருமண அழைப்பிதழ் அட்டையே போதும். நரியை வெட்டும் குழந்தைக்கு அதன் வால் நினைவில் இராது. படத்தைத் தேடிப் பக்கங்களைப் புரட்டும். பாவை முடிந்ததும் நூலையும் உடன் கொடுத்தனுப்பி, பதிவேட்டில் குழந்தையின் பெயரை அதன் கையாலேயே எழுதச் செய்க.