சொந்தத் தொழிலும் சந்தையும்

உத்தியோக மோகம் நமது நாட்டை விட்டு இன்னும் அகலவில்லை. ஓர் அரசாங்க வேலைக்குப் பல்லாயிரம் வாலிபர்கள் பரீட்சை எழுதிவிட்டு, முடிவை நோக்கி ஆண்டுக்கணக்கில் காத்திருக்கின்றனர். இவர்களுக்குப் பெரியோர்கள் மேடைதோறும் கூறும் உபதேசம் ஒன்று உண்டு. "சொந்தத் தொழில் செய்யுங்கள், பிறரிடம் கைகட்டி நிற்க வேண்டாம்" என்பதே அது. உபதேசம் நல்லதுதான். ஆனால் உபதேசிப்போர் அத்துடன் நின்றுவிடுகிறார்கள். தொழிலைத் தொடங்கியவன் தன் சரக்கை யாரிடம், எவ்விதம், என்ன விலைக்கு விற்பது என்பதையும், விற்ற பணத்தை எவ்வாறு வசூலிப்பது என்பதையும் அவனுக்கு எடுத்துச் சொல்வார் இலர்.

மூலதனம் கிடைக்கவில்லை என்ற குறை முற்காலத்தில் பெரிதாக இருந்தது. அது முற்றிலும் தீர்ந்துவிட்டதென்று நாம் கூறவில்லை, குறைந்திருக்கிறது. 2015-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட முத்ரா திட்டத்தின்படி சிறு தொழிலுக்கு 10 லட்சம் ரூபாய் வரை ஈடின்றிக் கடன் அளிக்க ஏற்பாடாயிற்று. முன் வாங்கிய கடனைச் செவ்வனே அடைத்தவர்களுக்கு 20 லட்சம் வரை அளிக்கலாமென்று 2024-இல் அறிவிக்கப்பட்டது. கடன் வாங்கித் தொழில் தொடங்குவது இன்று அவ்வளவு அரிதன்று. தொடங்கிய தொழிலை மூன்றாம் ஆண்டுவரை நடத்துவதே அரிது. சிறு தொழில்கள் நொடிப்பது பெரும்பாலும் சரக்குச் செய்யத் தெரியாமையால் அன்று. விற்கத் தெரியாமையாலும், விற்ற பணம் வந்துசேராமையாலுமே என்பது நமது அபிப்பிராயம்.

விற்பனை என்றால் நம்மவரிற் படித்தவர்களுக்கு ஒரு கூச்சம் இருக்கிறது. சரக்கு நன்றாயிருந்தால் வாங்குவோர் தாமே தேடி வருவர் என்று எண்ணுகிறார்கள். பூக்கடைக்கு விளம்பரம் வேண்டுவதில்லை என்ற பழமொழியையும் துணைக்கு அழைக்கிறார்கள். பூவின் மணம் தெருமுனை மட்டுமே செல்லும். அடுத்த தெருவில் இருப்பவனுக்கு யாராவது போய்ச் சொல்லித்தான் ஆகவேண்டும். இந்த உண்மையை நன்குணர்ந்த சிலரின் சரித்திரம் நமது வாலிபர்களுக்குப் பயன்படும்.

தேசோத்தாரகர் என்று ஆந்திரர் போற்றும் காசிநாதுனி நாகேசுவர ராவ் பந்துலு 1893-இல் பம்பாயில் அமிர்தாஞ்சனம் என்ற வலிநிவாரண மருந்தை விற்கத் தொடங்கினார். புதிய மருந்தை முன்பின் அறியாதவர் காசு கொடுத்து வாங்குவரா? அவர் அதைச் சங்கீதக் கச்சேரிகளில் கூடியவர்களுக்கு இலவசமாக வழங்கினார். தடவிப் பார்த்தவர்கள் பிறகு விலைக்குக் கேட்டார்கள். அந்த வியாபாரத்தில் ஈட்டிய பொருள் என்ன ஆயிற்று என்பதையும் தேசத் தொண்டர்கள் கவனிக்க வேண்டும். 1908-இல் பம்பாயில் வாரப் பதிப்பாகத் தோன்றி, 1914-இல் சென்னைக்கு வந்து தினசரியாகிய 'ஆந்திர பத்திரிகை'யை நடத்தியவர் அவரே. தேசியத்தைப் பரப்பிய ஒரு பத்திரிகைக்குத் தலைவலி மருந்து தாங்குதூணாய் நின்றது. வியாபாரம் இழிவு என்போர்க்கு வேறு மறுமொழி வேண்டுமோ?

இனிச் சிவகாசியைப் பார்ப்போம். வானம் பொய்த்த அச்சீமையில் விவசாயத்தை நம்பிப் பயனில்லை என்று கண்ட அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தா சென்றனர். மாதக்கணக்கில் அங்கே தங்கித் தீப்பெட்டித் தொழிலைக் கற்று, 1923-இல் ஊர் திரும்பித் தொழில் நடத்தலாயினர். முதலில் தொழில், பிறகு கடை என்ற வரிசையை அவர்கள் மாற்றவில்லை. தீப்பெட்டிக்கு ஒட்டும் சித்திரச் சீட்டு அத்தொழிலில் மற்றொரு பாடத்தைக் கற்பித்தது. எழுத்தறியாதவனும் படத்தைக் கண்டு அதே பெட்டியை மீண்டும் கேட்டு வாங்கினான். அந்தச் சீட்டுகளின் தேவையை ஒட்டியே அவ்வூரில் அச்சுத் தொழிலும் தழைத்தது. சரக்குக்கு ஒரு பெயரும் அடையாளமும் இருத்தல் பெரிய கம்பெனிகளுக்கு மட்டும் உரிய ஆடம்பரம் அன்று என்பதற்கு இதுவே சான்று. ஆயின் அதே தொழிலில் குழந்தைகளின் உழைப்பும் நெடுங்காலம் கலந்திருந்தது என்பதை மறைத்தல் நேர்மையாகாது. உழைப்புக்கு உரிய கூலியைக் கணக்கில் ஏற்றாமற் பெறும் மலிவு மலிவே அன்று.

மூன்றாவது உதாரணம் கடலூர். பெரிய புட்டியில் அடைத்துப் பணக்காரர்களுக்கு மட்டும் விற்கப்பட்ட ஷாம்புவைச் சிறு பையில் அடைத்து ஏழைகளுக்கும் எட்டச் செய்யலாம் என்ற யோசனையை அவ்வூரில் சின்னிகிருஷ்ணன் என்பவர் செயலாக்கினார். அவர் புதல்வர் ரங்கநாதன் 1983-இல் 15,000 ரூபாய் முதலுடன் தனியே தொழில் தொடங்கிச் 'சிக்' என்ற பெயரில் சரக்கை இறக்கினார். கிராமங்களுக்கு ஆட்கள் சென்றனர். கூட்டத்தின் நடுவே ஒரு சிறுவனின் தலையைக் கழுவிக் காட்டி, கூந்தலைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார்கள். எந்தக் கம்பெனியின் காலிப் பை ஐந்தைக் கொடுத்தாலும் ஒரு சிக் பை இலவசம் என்றார்கள். பிறகு தம் பைகளுக்கு மட்டுமே என்று மாற்றினார்கள். நாட்கூலி பெறுகிறவனின் பணப்பையில் எவ்வளவு இருக்கிறதோ அந்த அளவுக்குச் சரக்கை வெட்டிக் கொடுத்ததே இதன் வெற்றி. வாங்குவோனின் வரவை அறிந்து சரக்கின் அளவை நிர்ணயிப்பதும் விற்பனையே ஆகும்.

இன்று கைப்பேசி ஒன்று இருந்தால் கச்சேரிக்கும் சந்தைக்கும் போகாமலே ஆயிரம் பேருக்குச் செய்தி எட்டுகிறது. செலவு சொற்பம். ஆனால் செய்தி எட்டுவது வேறு. நம்பிக்கை பிறப்பது வேறு. வாட்ஸப்பில் ஓயாமல் படம் அனுப்புகிறவனை மக்கள் தொல்லை என்று தள்ளிவிடுவர். முன்பு வாங்கியவர் யார், எப்பொழுது வாங்கினார், மறுபடி ஏன் வரவில்லை என்று ஒரு நோட்டில் குறித்து வைத்துக் கேட்பவனே பிழைப்பான். ஒருமுறை வாங்கியவரை இரண்டாம் முறை வாங்கச் செய்வதற்கு ஆகும் செலவு, புதியவரைத் தேடுவதற்கு ஆகும் செலவிலும் மிகக் குறைவு. இணையத்தில் பிறர் நடத்தும் பெரிய அங்காடிகள் வழியே விற்பதில் தவறில்லை. ஆயின் வாங்கியவரின் பெயரும் விலாசமும் அவர்கள் கையிலேயே தங்கிவிடும் என்பதையும், அவர்களுக்குக் கழிவு கொடுக்க வேண்டும் என்பதையும் மறக்கலாகாது.

விலை விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. பெரிய முதலுடையவனோடு விலைக்குறைப்பில் போட்டியிட வேண்டாம். 1906-இல் வ. உ. சிதம்பரம் பிள்ளை நிறுவிய சுதேசிக் கப்பல் கம்பெனியின் கதையை நமது நேயர்களுக்கு நாம் நினைவூட்ட வேண்டியதில்லை. அது சிறு தொழில் அன்று. ஆயினும் அதன் பாடம் சிறு தொழிலுக்கும் உரியது. எதிர்க்கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது, மேலும் குறைத்தது, இறுதியில் இலவசமாக ஏற்றிக் குடையும் கொடுக்க முன்வந்தது. சிறைத்தண்டனையும் அடக்குமுறையும் சேர்ந்து 1911-க்குள் சுதேசிக் கம்பெனியை முடித்தன. நஷ்டத்தைத் தாங்கும் சக்தி பெரிய முதலுக்கே உண்டு. சிறியவன் தரத்திலும், புதுமையிலும், சொன்ன நாளில் கொடுப்பதிலும், அருகில் இருப்பதிலுமே வெல்ல முடியும்.

கணக்கு விஷயத்தை ஒரு கற்பனை உதாரணத்தால் விளக்குவோம். ஒரு பெண்மணி வீட்டில் சாம்பார்ப் பொடி தயாரித்து மாதம் 100 கிலோ விற்கிறார். சாமான், அரைவைக் கூலி, பை எல்லாம் சேர்ந்து கிலோவுக்கு 300 ரூபாய் ஆகிறது. 380 ரூபாய்க்குக் கொடுக்கிறார். மாதம் 8,000 ரூபாய் லாபம் என்று மகிழ்கிறார். வண்டிச் செலவு 1,500, வாடகையும் மின்சாரமும் 2,000, கெட்டுத் திரும்பிய சரக்கு 1,000 என்று கழித்தால் மிச்சம் 3,500 ரூபாய். இருபத்தைந்து நாள் உழைப்புக்கு நாளொன்றுக்கு 140 ரூபாய். இது லாபமே அன்று, கூலிக்கும் போதாது. தன் கூலியைச் செலவில் எழுதாதவன் தன்னையே விற்றுக்கொண்டிருக்கிறான். இந்த நிலையில் கடைக்காரர் ஒருவர் 30 கிலோவைக் கடனாக வாங்கிப் பணம் தராவிட்டால் 11,400 ரூபாய் முடங்கும். அதாவது மூன்று மாத மிச்சத்துக்கும் மேற்பட்ட தொகை. தொழில் அன்றே நின்றுபோகும்.

இதுவே நாம் முக்கியமாக வற்புறுத்த விரும்பும் விஷயம். சிறியவனின் மூலதனம் பெரியவனின் பெட்டியில் வட்டியின்றிக் கிடக்கிறது. இதைத் தடுக்கச் சட்டம் இல்லாமலில்லை. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் வளர்ச்சிச் சட்டத்தின்படி, குறுந்தொழில் அல்லது சிறுதொழில் செய்வோரிடம் சரக்கு வாங்கியவர், எழுத்து மூலமான ஒப்பந்தம் இல்லையேல் 15 நாட்களுக்குள் பணம் கொடுக்க வேண்டும். ஒப்பந்தம் இருப்பினும் 45 நாட்களுக்கு மேற்படலாகாது. தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மும்மடங்கு வட்டி, மாதந்தோறும் முதலுடன் சேர்த்து, கொடுக்கக் கடமைப்பட்டவர் ஆவார். மாநில அரசாங்கம் இதற்கென்று அமைக்கும் குழுவிடம் முறையிடலாம். 2020 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த உத்யம் பதிவைச் செய்து வைத்துக்கொள்வது இவ்வுரிமைக்குத் துணையாகும். அதற்குக் கட்டணம் இல்லை.

சட்டம் இருந்தும் முறையிடுவோர் சிலரே. ஏன்? முறையிட்டால் மறுமுறை ஆர்டர் கிடைக்காது என்ற பயம். தனியொருவன் இந்தப் பயத்தை வெல்வது கடினம். ஆதலின் ஒரே தொழில் செய்வோர் ஊர்தோறும் சங்கமாகச் சேர வேண்டும். யார் ஒழுங்காகப் பணம் தருகிறார், யார் இழுத்தடிக்கிறார் என்று தமக்குள் அறிந்துகொள்ளட்டும். முறையீட்டைச் சங்கத்தின் துணையோடு செய்யட்டும். முதல் ஆர்டருக்குப் பாதிப் பணம் முன்கூட்டிப் பெறுவதை எல்லோரும் ஒருங்கே வழக்கமாக்கினால் வாங்குவோர் இணங்கியே தீர்வர்.

தேசத் தொண்டில் ஈடுபட்ட நமது நேயர்களுக்கும் இதில் கடமை உண்டு. சுதேசிச் சரக்கை வாங்குங்கள் என்று முழங்குவது எளிது. வாங்கிய சரக்கிற்கு அன்றே பணம் கொடுக்கிறோமா என்று ஒவ்வொருவரும் தம்மைக் கேட்டுக்கொள்ளட்டும். கூட்டத்துக்கு அச்சிட்ட நோட்டீஸ், மாநாட்டுக்குப் போட்ட பந்தல், தொண்டர்களுக்குச் சமைத்த சாப்பாடு, ஒலிபெருக்கி வாடகை இவற்றின் பாக்கி எத்தனை ஊர்களில் எத்தனை மாதமாக நிற்கிறது! அச்சகத்தான், பந்தற்காரன், சமையற்காரன் யாவரும் சொந்தத் தொழில் செய்வோரே. அவர்களிடம் கடன் வைத்துவிட்டுச் சொந்தத் தொழிலின் மேன்மையை மேடையில் பேசுவது தகாது. கட்சிகளும் சங்கங்களும் கோயில் நிர்வாகங்களும் தத்தம் பாக்கிகளை இந்த மாதமே தீர்ப்பது என்று முடிவு செய்யட்டும். எந்த உபதேசத்திலும், எந்தக் கடன் திட்டத்திலும், அது நமது ஊரின் சிறு தொழில்களுக்கு அதிக உதவி செய்யும்.