தொகையிடல் கணக்கில் திணறுகிறீர்களா? முதலில் எல்லைகளைக் கூட்டிப் பாருங்க!

அமெரிக்கா, கனடா கல்லூரி மாணவர்களுக்கான புட்னம் கணிதப் போட்டியில் 1987-ல் கேட்கப்பட்ட ஒரு தொகையிடல் கணக்கை, நம்ம ஊர் ப்ளஸ் 2 பாடத்தில் இருக்கும் ஒரே ஒரு பண்பை வைத்து முடித்துவிடலாம். எப்படி?

கணக்கு என்ன?

எல்லை 2 முதல் 4 வரை. பின்னத்தின் மேலே, (9 − எக்ஸ்) என்பதன் மடக்கைக்கு வர்க்கமூலம். கீழே, அதே உறுப்புடன் (எக்ஸ் + 3) என்பதன் மடக்கைக்கு வர்க்கமூலமும் கூட்டப்பட்டிருக்கும். பகுதித் தொகையிடல் என்று இறங்கினால் நேரம்தான் போகும்.

எப்படிப் போடுவது?

இரு எல்லைகளையும் கூட்டினால் 6. எக்ஸ் வரும் இடமெல்லாம் (6 − எக்ஸ்) போடுங்க. விடை மாறாது; அதே பரப்பை வலமிருந்து இடமாக அளக்கிறோம், அவ்ளோதான்.

இப்போது (9 − எக்ஸ்), (எக்ஸ் + 3) ஆகிவிடும்; (எக்ஸ் + 3), (9 − எக்ஸ்) ஆகிவிடும். கீழே கூட்டல் அப்படியே இருக்கும். மேலே மட்டும் உறுப்பு மாறும். பழைய தொகையையும் புதிய தொகையையும் கூட்டினால் பின்னம் 1 ஆகிவிடும். 2 முதல் 4 வரை 1-ஐத் தொகையிட்டால் 2. இது இருமடங்கு என்பதால், விடை 1.

எங்கே உதவும்?

0 முதல் பை/2 வரை, மேலே சைன், கீழே சைன் + காஸ் என்றால் இதே வழிதான், விடை பை/4. எல்லை தராத கணக்குக்கும், கூட்டிய பின் சுருங்காத கணக்குக்கும் இது கைகொடுக்காது. அதனால், தேர்வில் முதல் அரை நிமிடம் இதைச் சோதித்துவிட்டு, சுருங்கவில்லை என்றால் உடனே வேறு முறைக்குப் போய்விடுங்க.