முன்குறியை ராவுறதுக்கு முன்னாடி

அச்சங்குளம் எனக்குச் சொந்த ஊர். சாத்தூர்ல சின்னதா ஒரு லேத் பட்டறை வச்சிருக்கேன். போன வருஷம் சொந்தத்துல ஒரு மாமா பட்டறைக்கு வந்தாரு. முறையா லைசென்ஸ் வாங்கி பாயிண்ட் 32 ரிவால்வர் வச்சிருக்கிறவர்.

"மாப்ள, குண்டு கீழ போய் அடிக்குது. முன்னாடி இருக்குற சைட்டை லேசா ராவிக் குடுத்துரு"ன்னாரு.

கேட்டது சின்ன வேலைதான். ஆனா நான் அரத்தைக் கையில எடுக்கல. ஏன்னு சொல்றேன்.

மாமாவோட ரிவால்வர்ல கண்ணுக்குப் பக்கத்துல ஒரு பள்ளம் இருக்கும். அது பின்குறி. அதை ஏத்தி இறக்க முடியாது. குழல் நுனியில நிமிர்ந்து நிக்கிற தகடு முன்குறி. பள்ளத்துக்கு நடுவுல தகடு தெரியணும், ரெண்டோட தலையும் ஒரே மட்டத்துல இருக்கணும். தகடு உயரமா இருந்தா, அந்த மட்டத்துக்குக் கொண்டுவர நாம குழலைக் கீழ சாய்ச்சிருவோம். குண்டும் கீழ போகும். தகட்டைக் குறைச்சா குழல் நிமிரும், குண்டு மேல ஏறும். அதனால மாமா சொன்ன யோசனை தப்பில்ல.

எவ்வளவு குறைக்கணும்ங்கிறதுதான் கேள்வி. ரெண்டு குறிக்கும் நடுவுல 120 மில்லிமீட்டர்னு வைங்க. 12 மீட்டர் தூரத்துல குண்டு 5 சென்டிமீட்டர் கீழ படுது. தூரம் 100 மடங்கு. அப்போ 50 மில்லிமீட்டரை 100-ஆல வகுத்தா அரை மில்லிமீட்டர். அவ்வளவுதான் குறைக்கணும்! நாலு இழுப்பு கூட இழுத்துட்டா குண்டு மேல போகும். ராவின இரும்பு திரும்ப வளராது.

அடுத்து, தப்பு சைட்டுலதானா? ட்ரிகரை வெடுக்குன்னு இழுத்தாலும், சத்தத்துக்குப் பயந்து கையை முன்கூட்டியே அமுக்கினாலும் குண்டு கீழதான் போகும். தோட்டாவை மாத்தினாலும் அடி மாறும். குண்டு குழலை விட்டு வெளிய வர்றதுக்குள்ளயே உதைப்புல குழல் கொஞ்சம் எழும்பிரும். கனமான, மெதுவான குண்டு குழலுக்குள்ள கூட நேரம் இருக்கும், அதனால மேல படும். லேசான, வேகமான குண்டு கீழ படும். அதனால மணல் மூட்டை மேல கையை ஊணி, ஒரே வகைத் தோட்டாவுல சுட்டுப் பார்க்கணும். கை பழகின இன்னொருத்தரையும் சுடச் சொல்லணும்.

இதைச் சொன்னதும் மாமா, "அதுக்கென்ன, நம்ம ஊர் ஓடைப் பக்கம் போய் ரெண்டு ரவுண்டு சுட்டுப் பார்ப்போம்"னாரு.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. "மாமா, எந்த ஊர்ல நின்னு பேசுறீங்க?"ன்னு கேட்டேன். 2021 பிப்ரவரி 12 அன்னைக்கு அச்சங்குளத்துப் பட்டாசு ஆலை வெடிவிபத்துல 20 பேருக்கு மேல செத்துப் போனாங்க. உரசல்ல ஒரு பொறி வந்துரக் கூடாதுன்னு மருந்து அறையில இரும்புச் சாமானையே ஒதுக்கி வைக்கிற ஊரு இது. குறி தப்பின குண்டு பல நூறு மீட்டர் போகும். அது எந்த ஷெட்டுல போய் நிக்கும்னு யாரு சொல்றது? மாமா பேசாம இருந்தாரு.

கடைசி விஷயம் சட்டம். 1959 ஆயுதச் சட்டப்படி துப்பாக்கியை ரிப்பேர் பண்றதுக்கும் லைசென்ஸ் வேணும். "உங்க லைசென்ஸ் வச்சுக்கிறதுக்கு மாமா. ராவுறதுக்கு என்கிட்ட லைசென்ஸ் இல்ல"ன்னேன்.

பிறகு லைசென்ஸ் உள்ள ஒரு துப்பாக்கி மெக்கானிக்கைப் பிடிச்சு, அவர் மூலமா சுடுதளத்துக்குப் போனாரு. மூட்டை மேல கையை ஊணிச் சுட்டதும் இறக்கத்துல பாதிக்கு மேல காணோம். அது கையோட தப்பு. மிச்சம் இருந்ததை மெக்கானிக் கொஞ்சம் கொஞ்சமா ராவி, ஒவ்வொரு தடவையும் சுட்டுப் பார்த்து, குறிக்குக் கொஞ்சம் கீழ படும்போதே நிறுத்திட்டாரு. பளபளப்புக் கண்ணைக் கூசாம இருக்க, ராவின இடத்துக்குக் கருப்பு ஏத்திக் கொடுத்தாரு.

"முழுசா ராவலையா?"ன்னு மாமா கேட்டிருக்காரு.

"வேணும்னா அப்புறம் வந்து இன்னும் ராவிக்கலாம் சார். ஒட்ட வைக்கத்தான் முடியாது"ன்னாராம்.