சர்க்கரையே மருந்தாகும் வேளை

1922-ஆம் ஆண்டு ஜனவரியில், கனடா தேசத்து டொரான்டோ நகரில், லெனார்டு தாம்சன் என்னும் 14 வயதுச் சிறுவனுக்கு இன்சுலின் செலுத்தப்பட்டபோது, அதுகாறும் பட்டினிச் சிகிச்சையால் எலும்பும் தோலுமாகிக் கிடந்த நீரிழிவுக் குழந்தைகளுக்கு உயிர்ப்பிச்சை கிடைத்தது. ஆயினும், அம்மருந்தைச் சுத்திகரித்த காலிப் என்ற இரசாயன நிபுணர், அளவு மிஞ்சிப் பெற்ற முயல்கள் வலிப்புற்று வீழ்வதையும், சர்க்கரைக் கரைசல் உட்சென்றதும் தெளிந்து எழுவதையும் அந்நாட்களிலேயே கண்டார்.

இன்சுலினால் இரத்தச் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடும் அந்த அபாயம் இன்றும் நீங்கவில்லை. ஆரோக்கியமான சரீரம் இரத்தச் சர்க்கரை இறங்க இறங்க இன்சுலின் சுரப்பைத் தானே குறைத்துக்கொள்ளும். ஊசி வழியே சென்ற இன்சுலினோ, குழந்தை மதியச் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டதையும், வெயிலில் கூடுதலாக ஓடியாடியதையும் அறியாமல் தன் காரியத்தைச் செய்துகொண்டே இருக்கும். டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே சர்க்கரை இறங்கினால் உடனே கவனிக்க வேண்டும். 54-க்குக் கீழே போனால் நிலைமை கடுமை. மாலையில் ஆடிய ஆட்டத்தின் பலன் நள்ளிரவு உறக்கத்தில் தலைகாட்டுவதும் உண்டு.

மூளைக்குப் பிரதான ஆகாரம் குளுக்கோஸ் ஆகையால், அது குறைந்ததும் குழந்தையின் குணமே மாறிவிடுகிறது. நெற்றி வியர்த்து, விரல்கள் நடுங்கி, எழுத்துக்கள் கோட்டை விட்டு இறங்க, பெயர் சொல்லி அழைத்தாலும் வெறித்துப் பார்த்து, பக்கத்துப் பிள்ளையிடம் காரணமின்றிச் சீறும் மாணவனைத் துஷ்டன் என்று உபாத்தியாயர் தண்டிக்கப் புகுந்தால், சிகிச்சைக்குரிய நிமிஷங்கள் வீணாகின்றன.

இனிப்பையே விரோதியாகக் கருதிப் பழகிய குடும்பத்தார் இவ்வேளையிலும் தயங்குவது இயல்பே. ஆனால் தயக்கத்துக்கு இங்கே இடமில்லை. எடையில் கிலோவுக்கு 0.3 கிராம் வீதம், பெரிய பிள்ளைகளுக்குச் சுமார் 15 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிஷம் கழித்து மறுபடி சோதித்து, குறைவு நீடித்தால் திரும்பவும் கொடுக்க வேண்டும். சாக்லேட்டிலுள்ள கொழுப்பு சர்க்கரை சேர்வதைத் தாமதப்படுத்துமாதலால் அது உதவாது. மூர்ச்சையுற்ற குழந்தையின் வாயில் எதையும் ஊற்றலாகாது. ஒருக்களித்துப் படுக்கவைத்து, கைவசமிருந்தால், சர்க்கரையை உயர்த்தும் குளுகோகான் ஊசி போட்டு, தாமதமின்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

ஆகவே, குளுக்கோஸ் டப்பா பூட்டிய அறையில் அல்ல, வகுப்பு மேஜையிலேயே இருக்கவேண்டும். தலை சுற்றுகிறது என்று சொல்லும் குழந்தையைத் தனியே எங்கும் அனுப்பாமல், அமர்ந்த இடத்திலேயே அதைக் கொடுத்த பிறகுதான் பாடம் தொடரவேண்டும்.